கிழக்கே போனால் மணி குறையுமோ?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, முதல் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் எட்டாம் வகுப்பில் பூகோளம் படித்த மாணவி ஒருவர், இன்று வேலைக்குப் போகும் மகனுக்குத் தாய், என்னை வழிமறித்தார். வணக்கம் கூறியவர் அடுத்த மூச்சிலேயே, "சார், நீங்கள் எங்களுக்குப் பாடத்தைத் தவறாக நடத்திவிட்டீர்கள்" என்றார். சுற்றி நின்றோர் திரும்பிப் பார்த்தனர். எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

வழக்கு இதுதான். அவருடைய மகன் நான்கு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் பணிபுரிந்தான். இப்போது நிறுவனத்தார் அவனை ஜகார்த்தாவுக்கு மாற்றியிருக்கின்றனர். காலை 9 மணிக்குச் சிங்கப்பூரில் விமானம் ஏறியவன் ஜகார்த்தாவில் இறங்கியபோது அவ்வூர்க் கடிகாரம் 9.50 காட்டியதாம். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்துக்கு ஐம்பது நிமிடந்தான் செலவாயிற்று. "கிழக்கே போகப் போக மணி கூடும், ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினீர்களே சார்! வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். ஜகார்த்தா சிங்கப்பூருக்குக் கிழக்கேதான் இருக்கிறது. மணி ஏன் குறைகிறது?"

வீட்டுக்கு வந்ததும் நானும் வரைபடத்தை விரித்தேன். அந்த அம்மையார் கூறியது முற்றிலும் சரியே. சிங்கப்பூர் 103 பாகை 50 கலையில் இருக்கிறது. ஜகார்த்தா 106 பாகை 50 கலையில். மூன்று பாகை கிழக்கு. நான் நடத்திய பாடத்தின்படி ஜகார்த்தாவின் மணி 12 நிமிடம் கூடுதலாக இருத்தல் வேண்டும். கதிரவனும் அப்படித்தான் ஒழுகுகின்றான். சிங்கப்பூரில் உச்சிக்கு வருவதற்கு 12 நிமிடம் முன்பே ஜகார்த்தாவில் உச்சியை அடைந்துவிடுகின்றான். கடிகாரமோ ஜகார்த்தாவை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைத்திருக்கிறது. ஆகவே கதிரவனுக்கும் கடிகாரத்துக்கும் இடையே 72 நிமிட வழக்கு. பாடம் பிழையன்று, வாசக அன்பர்களே! கதிரவன் ஒரு கணக்கு எழுத, அரசுகள் வேறொரு கணக்கு எழுதின. அந்தக் கதையைச் சற்று விரித்துரைப்பேன்.

இன்று சிங்கப்பூர் பின்பற்றுவது கிரீன்விச்சுக்கு 8 மணி முந்திய நேரம். அது 120ஆம் பாகைக்குரியது. அக்கோடு சிங்கப்பூரைத் தொடவே இல்லை. வெகுதொலைவில், கத்தோலிக்கர் மிகுதியாய் வாழும் புளோரஸ் தீவின் மேற்கு ஓரத்தைக் கடந்து செல்கிறது. ஜகார்த்தா பின்பற்றுவது 7 மணி முந்திய நேரம். அதற்குரிய 105ஆம் பாகை அந்நகருக்கு மிக அருகிலேயே ஓடுகிறது. எனவே ஜகார்த்தாவின் கடிகாரம் வானத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. காலை ஆறு மணிக்கு முன்பின்னாக விடிகிறது, மாலை ஆறு மணிக்கு முன்பின்னாக இருட்டுகிறது. சிங்கப்பூரிலோ ஏழு மணியளவில் விடிந்து, ஏழு மணியளவில் இருட்டுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களாகையால் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமம்.

நம் ஆலயங்களில் உச்சிவேளை மணி அடித்து மூவேளைச் செபம் சொல்லுகிறோம் அல்லவா? சிங்கப்பூரில் பன்னிரண்டு அடிக்கும்போது கதிரவன் உச்சிக்கு வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேலும் இருக்கும்.

சிங்கப்பூர் தன் கடிகாரத்தை மாற்றிய வரலாறு நீண்டது. 1905க்கு முன் அவ்வூரின் சொந்த நேரமே வழங்கியது. அது கிரீன்விச்சுக்கு 6 மணி 55 நிமிடம் முந்தியது. 1905இல் அதை முழுதாக 7 மணி ஆக்கினர். அலுவல் முடிந்தபின் ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் சற்று வெளிச்சம் மிஞ்சட்டும் என்று 1933இல் 20 நிமிடம் கூட்டினர். 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம் கூட்ட, ஏழரை மணி ஆயிற்று. ஆறு மாதம் செல்லுமுன் 1942 பிப்ரவரி 15ஆம் நாள் நகரம் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. வென்றவர்கள் ஊரின் பெயரை மட்டுமன்றி மணியையும் மாற்றி, தோக்கியோ நேரத்தையே திணித்தனர். ஒன்றரை மணி ஒரேயடியாக முன்னேறிற்று. கதிரவன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பிற்பகல் இரண்டைத் தாண்டியிருந்தது. அடிமைப்பட்ட ஊரில் விடியற்காலையும் அடிமைப்படும் போலும்.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஜாவாவும் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அங்கும் தோக்கியோ நேரமே. ஒல்லாந்தர் 'பத்தாவியா' என்று வழங்கிய நகருக்கு 'ஜகார்த்தா' என்னும் பெயர் வந்ததும் அக்காலத்திலேதான். இன்று ஒரு மணி நேரம் பிரிந்து நிற்கும் இவ்விரு நகரங்களும் அன்று ஒரே மணியில் துன்புற்றன.

போர் முடிந்தபின் சிங்கப்பூர் ஏழரைக்குத் திரும்பியது. ஜகார்த்தா சிறிது தடுமாறி, 1950 முதல் அதே ஏழரையில் நின்றது. பதினான்கு ஆண்டுகள் இரு நகரத்தாரும் கடிகாரத்தைத் தொடாமலே போய்வர முடிந்தது. பின்னர் 1964 ஜனவரி முதல் நாள் இந்தோனேசியா தன் நாட்டை மூன்று நேர வட்டங்களாக வகுத்தபோது ஜகார்த்தா அரை மணி பின்வாங்கி ஏழில் நின்றது. சிங்கப்பூர் 1982 ஜனவரி முதல் நாள் அரை மணி முன்னேறி எட்டில் நின்றது. ஆளுக்கு அரை மணி, எதிரெதிர்த் திசையில்! அந்த அம்மையாரின் ஒரு மணி நேரப் புதிருக்கு விடை இதுதான்.

சிங்கப்பூர் ஏன் முன்னேறியது? தானாக விரும்பியன்று. மலேசியாவின் மேற்குப் பகுதி ஏழரையிலும், கடலுக்கு அப்பாலுள்ள சபா, சரவாக் பகுதிகள் எட்டிலும் இருந்தன. பிரதமர் மகாதீர் நாடு முழுவதற்கும் ஒரே மணி வேண்டும் என்று எட்டைத் தேர்ந்தார். சிங்கப்பூர் 1965இலேயே மலேசியாவிடமிருந்து பிரிந்துவிட்ட தனி நாடு. பின்பற்றவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ஆயினும் ஜொகூர்ப் பாலத்தின் இருமுனையிலும் இருவேறு மணி இருந்தால் வணிகருக்கும் பயணிகளுக்கும் தொல்லை என்று கருதி உடன் சென்றது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கே புத்தாண்டு பிறந்தது. பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருந்த நம் ஊர் மூத்தோர் சிலருக்கு நினைவிருக்கலாம். அதுவரை நம்மைவிட இரண்டு மணி முந்தியிருந்த அவ்வூர் அன்று முதல் இரண்டரை மணி முந்தலாயிற்று.

ஆக, அண்டை நாட்டானுக்கு விட்டுக்கொடுத்த மணி அது. அதனால் நன்மையும் விளைந்தது. ஹாங்காங், பெய்ஜிங், மணிலா ஆகிய வணிக நகரங்களோடு ஒரே மணி வாய்த்தது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்களுள் சிறு பிள்ளைகளும் உண்டு. அங்குப் பெரும்பாலான பள்ளிகள் காலை ஏழரைக்குத் தொடங்குகின்றன. தொலைவில் வாழும் பிள்ளை ஐந்தரைக்கு எழுந்து, கும்மிருட்டில் பேருந்துக்கு நிற்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் தலைவாரி அனுப்பும் தாய்மார் அந்நகரில் ஏராளம்.

ஜகார்த்தாவின் பிள்ளைகள் பேறுபெற்றவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்நகரில் 2009 ஜனவரி முதல் பள்ளிகள் ஆறரைக்கே தொடங்குகின்றன. காரணம் கல்வியன்று, வண்டி நெரிசல். பள்ளி செல்வோரும் அலுவலகம் செல்வோரும் ஒரே வேளையில் தெருவில் இறங்கினால் நகரம் நகராது. ஆகையால் பிள்ளைகளை முன்கூட்டியே அனுப்பிவிட அரசு எண்ணியது. இப்போது ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஜகார்த்தாவின் ஆறரையும் சிங்கப்பூரின் ஏழரையும் ஒரே கணம்! கடலுக்கு இப்பாலும் அப்பாலும் பள்ளி மணிகள் ஒருங்கே ஒலிக்கின்றன. எண் வேறு, பெயர் வேறு, கொட்டாவி ஒன்றே. ஒரு நகரில் வணிகரின் வசதிக்காக. மற்றொன்றில் வண்டிகளின் வசதிக்காக. பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை.

மணியைப் பேணும் முறையில்தான் இரு நகரங்களும் வெகுவாக வேறுபடுகின்றன. ஜகார்த்தாவில் 'ஜாம் காரெட்' என்று ஒரு வழக்கு உண்டு. 'ரப்பர்க் கடிகாரம்' என்பது பொருள். மூன்று மணிக் கூட்டம் மூன்றரைக்கும் தொடங்கலாம், நான்குக்கும் தொடங்கலாம், இழுத்த இழுப்புக்கு வரும். மலேயா முழுவதும் ரப்பர்ப் பயிர் பரவுவதற்கு வித்திட்டது சிங்கப்பூரின் தாவரத் தோட்டம். ஆனால் ரப்பர்க் கடிகாரம் என்னவோ ஜகார்த்தாவுக்கே உரியதாயிற்று! சிங்கப்பூரில் மூன்று மணி என்றால் பத்து நிமிடம் முன்னதாகவே ஆட்கள் அமர்ந்திருப்பர் என்கின்றனர் சென்று வந்தோர். நாம் இவர்களுள் யாரைச் சேர்ந்தவர்கள் என்பதைப் பங்குப் பேரவைக் கூட்டங்களுக்கு வருவோர் அறிவர்; நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதைச் சோம்பல் என்று இகழ்வதை நான் ஏற்கமாட்டேன். ஜகார்த்தா நகரில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள். சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் மூன்று கோடி. சிங்கப்பூரில் நிலத்தடி மின்தொடர் 1987இலேயே ஓடத் தொடங்கியது. ஜகார்த்தாவில் அத்தகைய தொடர் 2019இல்தான் வந்தது. நான்கு மணிக்கு வருவேன் என்று கூறியவன் நெரிசலில் இரண்டு மணி நேரம் சிக்கினால் அது யாருடைய குற்றம்? காத்திருப்பவனும் நேற்று அதே தெருவில் சிக்கியவன்தான். ஆகவே கோபித்துக்கொள்வதில்லை. ரப்பர்க் கடிகாரத்தில் ஒரு பங்கு பொறுப்பின்மை என்றால், மற்றொரு பங்கு பொறுமை.

சாலை நேரத்தை இவ்விரு நகரங்களும் எவ்வாறு விலை பேசின என்பதை ஒப்பிட்டால் அவற்றின் உள்ளியல்பு விளங்கும். சிங்கப்பூர் 1975இலேயே, காலை நெரிசல் வேளையில் நகரின் நடுப்பகுதிக்குள் கார் ஓட்டி வருவோரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. 1998 முதல் மின்கருவி அதை வாங்குகிறது. நெரிசல் மிகுந்த வேளைக்குக் கூடுதல் கட்டணம், குறைந்த வேளைக்குக் குறைவு. பேச்சுமில்லை, வாதமுமில்லை.

ஜகார்த்தா 1992இல் வேறு வழி கண்டது. நெரிசல் வேளையில் முக்கியச் சாலைகளில் செல்லும் காரில் குறைந்தது மூவர் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. நல்ல எண்ணந்தான். ஆனால் தனியே காரோட்டும் செல்வர் என்ன செய்தனர் தெரியுமா? சாலையோரம் நின்ற ஏழைகளைச் சிறு கூலிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணிக்கையை நிரப்பினர். இவர்களுக்கு 'ஜோக்கி' என்று பெயர். விரைவில் தாய்மார் கைக்குழந்தையோடு வந்து நிற்கலாயினர். தாயும் சேயுமாக இரண்டு தலை கணக்கில் சேருமல்லவா? குழந்தை அழாதிருக்க மயக்க மருந்து கொடுப்பதாகவும், குழந்தைகள் வாடகைக்கு விடப்படுவதாகவும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. 2016இல் அவ்விதி நீக்கப்பட்டது. நீக்கிய பின் பிற்காலத்தில் வெளிவந்த ஆய்வு ஒன்று, காலை வேளைத் தாமதம் 46 விழுக்காடும், மாலை வேளைத் தாமதம் 87 விழுக்காடும் உயர்ந்ததாகக் கணக்கிட்டது. எல்லாரும் ஏளனம் செய்த அவ்விதி உண்மையில் பயன் தந்துகொண்டுதான் இருந்தது என்று பொருள். ஒரு நகரில் கருவிக்குக் காசு. மற்றொன்றில் மடியில் குழந்தையோடு நிற்பவளுக்குக் காசு. எது மேல் என்று கேட்டால் கருவியே மேல் என்பேன். ஆயினும் விதி நீங்கிய மறுநாள் அப்பெண்களின் அடுப்பு எரிந்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி, நம் நினைவைவிட்டு நீங்காத ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 செப்டம்பரில் மேற்கொண்ட நெடும்பயணத்தில் முதலில் இறங்கியது ஜகார்த்தா, இறுதியில் நின்றது சிங்கப்பூர். செப்டம்பர் 5ஆம் நாள் ஜகார்த்தாவின் பெருவிளையாட்டரங்கில் மாலை 5 மணிக்குத் திருப்பலி. செப்டம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூர் தேசிய அரங்கில் மாலை 5.15க்குத் திருப்பலி. கடிகாரக் கணக்கில் ஏறத்தாழ ஒரே வேளை. வானமோ அப்படியன்று. சிங்கப்பூரில் கதிரவன் மறைய இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் இருந்தது. ஜகார்த்தாவில் ஆறு மணிக்குச் சற்று முன்பே கதிரவன் மறைந்து, திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போதே இருள் சூழ்ந்தது.

கதிரவன் மறையும் வேளை இசுலாமியரின் மகரிபுத் தொழுகை வேளையுமாகும். இந்தோனேசியத் தொலைக்காட்சிகள் நாள்தோறும் அவ்வேளையில் தொழுகை அழைப்பை ஒலிபரப்புவது வழக்கம். அன்றோ திருப்பலி நேரடியாக ஒளிபரப்பாகிக் கொண்டிருந்தது. இரண்டும் ஒரே வேளையில் வந்தால் எது நிற்பது, எது விலகுவது? அரசின் சமய அமைச்சகம் ஒரு வழி கூறியது: அன்று ஒருநாள், திருப்பலியை இடைமுறிக்காமல், தொழுகை அழைப்பைத் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளாகக் காட்டலாம் என்றது. பள்ளிவாசல்களில் அழைப்பு வழக்கம்போல ஒலித்தது. சிலர் குறை கூறினர். ஆயினும் அது பெரும் பூசலாக வளரவில்லை. உலகில் மிகுந்த எண்ணிக்கையில் இசுலாமியர் வாழும் நாட்டில், சிறுபான்மையாராகிய நம்மவரின் வழிபாட்டுக்காக அந்த ஒரு வேளை வழி விடப்பட்டது.

இது ஒருவழிப் பாதையன்று. ஜகார்த்தாவில் 1901இல் எழுப்பப்பட்ட விண்ணேற்பு அன்னை பேராலயமும், 1978இல் திறக்கப்பட்ட இசுதிக்லால் பெரும் பள்ளிவாசலும் தெருவுக்கு எதிர் எதிரே நிற்கின்றன. அப்பள்ளிவாசலை வரைந்தவர் பிரெடரிக் சிலாபான் என்னும் கிறித்தவர். கிறிஸ்து பிறப்பு விழாவன்று பேராலயத்துக்கு வருவோர் பள்ளிவாசல் வளாகத்தில் வண்டி நிறுத்துகின்றனர். பெருநாளன்று அவர்கள் இங்கே நிறுத்துகின்றனர். 2019 ஆகஸ்ட் 11ஆம் நாள் ஞாயிறும் தியாகத் திருநாளும் ஒன்றாக வந்தன. பள்ளிவாசலில் காலைத் தொழுகைக்கு மக்கள் வெள்ளமாய்த் திரள்வர் என்றறிந்து, பேராலயத்தார் விடியற்காலைத் திருப்பலியை விட்டு, 10 மணிக்கு முதல் திருப்பலியைத் தொடங்கினர். ஞாயிறு ஆறு மணிக்குப் பூசை காண்பதையே வாழ்நாள் வழக்கமாகக் கொண்ட முதியோர்க்கு அது எளிதாக இருந்திராது. நம் பங்கில் திருப்பலி நேரத்தைக் கால் மணி தள்ளிவைத்தபோது எழுந்த முணுமுணுப்பை நானறிவேன். அதில் என் குரலும் இருந்தது.

இரு வளாகங்களையும் இணைத்து இப்போது தெருவுக்கு அடியில் ஒரு சுரங்கவழியும் அமைந்திருக்கிறது. அதன் வாயிலில் பள்ளிவாசலின் தலைமை இமாமும் திருத்தந்தையும் கைகோத்து நின்ற படத்தை இதழ்களில் கண்டிருப்பீர்கள்.

சிங்கப்பூரின் இயல்பு இத்தகைய பேச்சுக்கு இடம் வைப்பதில்லை; அங்கே ஒழுங்குமுறை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அதுவும் ஒருவகை நன்மையே. நம்மவரோடு அந்நகருக்குள்ள உறவு பழையது. ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயம் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே கட்டி முடிக்கப்பட்டது. ஞாயிறு அங்கே தமிழ்த் திருப்பலி காண வருவோருள் நம் ஊர்களிலிருந்து வீட்டுவேலைக்குச் சென்ற பெண்களும் உண்டு. அவர்களைப் போலவே ஜாவா தீவிலிருந்து சிங்கப்பூர் வீடுகளுக்கு வேலைக்கு வந்த பெண்கள் பல்லாயிரவர். இவர்களுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்பது சட்டமானது 2013இல்தான்; அப்போதும் ஓய்வுக்குப் பதிலாகக் கூலி வாங்கிக்கொள்ளலாம் என்ற வழி இருந்தது. மாதத்தில் ஒரு நாளையேனும் காசுக்கு மாற்றலாகாது என்ற விதி 2023இல் வந்தது. நிமிடத்துக்கும் விலை குறித்த நகரம், இப்பெண்களின் ஞாயிற்றைக் கணக்கில் எடுக்க இவ்வளவு காலம் பிடித்தது. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு ஒருத்தி வீட்டுக்குப் பேசுகிறாள் என்றால், ஜாவாவில் மணி எட்டு. அவள் பிள்ளை இன்னும் தூங்கியிருக்காது. கடிகாரங்கள் பிரிந்ததால் கிடைத்த அந்த ஒரு மணி அவளுக்கு உதவுகிறது.

இந்தோனேசியா 2012இல் நாடு முழுவதையும் எட்டுமணிக் கணக்குக்கு, அதாவது சிங்கப்பூர் மணிக்கு, மாற்றிவிட எண்ணியதுண்டு. வணிகம் பெருகும் என்பது வாதம். ஆனால் மேற்கு முனையிலுள்ள அச்சேயில் அப்போது ஏழரை மணி அளவிலும் விடிந்திராது. திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. ஜகார்த்தாப் பங்குச் சந்தை மட்டும் 2013 முதல் அரை மணி முன்னதாகத் திறந்து, அந்த அளவோடு நிறுத்திக்கொண்டது.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு அந்த அம்மையாரைத் தேடிச் சென்று விளக்கினேன். பாடம் பிழையன்று என்று நிலைநாட்டியதில் எனக்கு மகிழ்ச்சி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நம் மணியோடு இனி இரண்டரை கூட்ட வேண்டாம், ஒன்றரை கூட்டினால் போதும், அவ்வளவுதானே சார்?" என்றார். அவ்வளவுதான் என்றேன்.

"முன்பெல்லாம் இரவு எட்டு மணிக்கு நான் பேசினால் அவனுக்குப் பத்தரை. 'தூங்க வேண்டும் அம்மா' என்று வைத்துவிடுவான். இப்போது ஒன்பதரைதான். ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கிறது" என்றவர், சற்று நிறுத்தி, "ஆனால் சார், இப்போதெல்லாம் அவன் குரலைவிட வண்டிகளின் ஊதல்தான் அதிகம் கேட்கிறது. இன்னும் வீடு போய்ச் சேரவில்லையாம்" என்றார்.